ஒன்பது புள்ளி நாலு

கடிகாரத்தை ரெண்டு கையாலயும் ஏந்திக் கொண்டாந்து தந்தாரு தவசிமுத்து சார். ஒரு கையால தந்தா ஆகாதா. "சாவி குடுத்தே வச்சிருக்கேன் டீச்சர், நீங்க அப்படியே ஆரம்பிச்சிரலாம்"னு வேற. நான் கேட்டேனா. எனக்குச் சாவி குடுக்கத் தெரியாதா. இந்த மனுசன் எப்பவும் இப்படித்தான், கேக்காமலே செய்வாரு. கேட்டுச் செய்றவனை நம்பலாம் சண்முகக்கனி, கேக்காமச் செய்றவன்கிட்டதான் சூதானமா இருக்கணும்னு எங்கம்மை சொல்லுவா. அவ சொன்னதுல பாதி பொய், ஆனா இது பொய் இல்ல. எம்.எஸ்சி. இயற்பியல், கோடைக்காலப் படிப்பு, மூணாவது கோடை, கடைசி பிராக்டிகல் பரீட்சை. வேலையில இருக்கிற வாத்தியார்மாருக்குன்னே மே மாச லீவுல நடத்துற படிப்பு இது. ஊர்ல எல்லாரும் விசிறியும் நுங்குமாக் கிடக்கையில நாங்க மட்டும், காலேஜ் பிள்ளைகள் லீவுக்குப் போன ஹாஸ்டல்ல, அந்தப் பிள்ளைகள் சுவத்துல கிறுக்கி வச்ச பேரெல்லாம் படிச்சுக்கிட்டு, கொசுவுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டுக் கிடக்கோம். லேப்ல ஆளுக்கொரு சாமான் கிடையாது, ரெண்டு பேருக்கு ஒண்ணு. நானும் தவசிமுத்து சாரும் ஒரே ஸ்கூல், நம்பரும் அடுத்தடுத்து, அதனால எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஊசல், ஒரு ஸ்டாப் கிளாக். அவரு முதல்ல செஞ்சு முடிச்சாரு, இப்பம் என் முறை. ஓட்டை ஓட்டையாப் போட்ட இரும்புச் சட்டம், அதைக் கத்திமுனையில தொங்கவிட்டு ஆட்டிவிடணும், இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும், அதை வச்சுப் பூமி ஒரு பொருளை இழுக்கிற முடுக்கம் எவ்வளவுன்னு கணக்குப் போடணும். விடை ஊருக்கே தெரியும். ஒன்பது புள்ளி எட்டு. பத்தாங்கிளாஸ் பிள்ளையைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். தெரிஞ்ச விடைக்குத்தான் பரீட்சை. நான் கடிகாரத்தைக் காதுகிட்ட வச்சுப் பாத்தேன், ஓடுது. ஓடுத சத்தம் எனக்கென்னமோ கொஞ்சம் அவசரமாப் பட்டுச்சு. அவசரம் எனக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணுதப்ப வேற நினைப்பு வரக் கூடாது. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுப்பேன், ஏ பிள்ளை, எண்ணுதப்ப வாயை மூடு, மனசையும் மூடுன்னு. ஏழு. மனசு எங்க மூடுது. எங்க ஸ்கூல் செயலாளர் மேசைக்குப் பின்னால சாஞ்சு உக்காந்துக்கிட்டுச் சொன்னதுதான் வருது. "ரெண்டு பேருமே நம்ம பிள்ளைகள்தான். இந்த வருசம் பிளஸ் டூ வருது, பிசிக்ஸுக்கு ஒரு போஸ்ட்தான். இந்தக் கோடையில யாரு எம்.எஸ்சி. முடிச்சுட்டு வாறீங்களோ அவங்களுக்கு. ரெண்டு பேரும் முடிச்சா மார்க்கைப் பாப்பேன். எனக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல." அப்படிச் சொல்லுதவங்களுக்குத்தான் வேண்டியவங்க இருப்பாவ. பதிமூணா, பதினாலா. சவத்த, விட்டுட்டேன். சட்டத்தைப் பிடிச்சு நிறுத்தி மறுபடி ஆட்டிவிட்டேன். ஒண்ணு, ரெண்டு. அன்னைக்கு அந்த ரூமை விட்டு வெளிய வந்ததும் தவசிமுத்து சார் என்ன சொன்னாரு, "யாருக்குக் கிடைச்சாலும் சந்தோசம் டீச்சர்." உலகத்துல எவனாவது அப்படிச் சொல்லுவானா. எனக்குக் கிடைச்சா சந்தோசம், உனக்குக் கிடைச்சா வயித்தெரிச்சல், அதுதான் மனுசன். நான் சும்மா சிரிச்சு வச்சேன். எனக்கு அந்தப் போஸ்ட் வேணும். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், வேணும். வந்த நாள்ல இருந்து ஆறாங்கிளாசுக்குக் காந்தம், ஏழாங்கிளாசுக்கு இலை, அதையே எடுத்து எடுத்து எனக்கே வேர் விட்டுட்டு. பத்தாங்கிளாஸ் எப்பவும் அவருக்குத்தான். காலேஜ்ல எங்க பேராசிரியர் என் பேப்பரைத் தூக்கிக் காட்டி, பிசிக்ஸ்னா இப்படி எழுதணும்னு மத்தவங்களுக்குச் சொன்னவரு. இங்க வந்தா, டீச்சர் நீங்க கோலப் போட்டியைப் பாத்துக்கிடுங்க, டீச்சர் நீங்க சத்துணவுல உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. கரும்பலகை நிறைய ஒரு கணக்கு, சாக்பீஸ் தேயத் தேயப் போடுத கணக்கு, வளந்த பிள்ளைகள் முன்னால நின்னு ஒரு தடவை போட்டுக் காட்டணும்னு எனக்கு இருக்கு. அதுக்குத்தான் மகளை மாமியார்கிட்ட விட்டுட்டு மூணு கோடையா இங்க வந்து வேகுதேன். அவளும் இப்பம் போன்ல "சரிம்மா, வச்சிரட்டுமா"ங்கா. என்ன சொல்லிக் குடுத்து வச்சிருக்காவளோ அங்க. பதினெட்டு, பத்தொம்பது, இருபது. நிறுத்தினேன். முப்பத்திரண்டு புள்ளி ஆறு. எழுதிக்கிட்டேன்.

எல்லா ஓட்டையிலயும் மாத்தி மாத்தித் தொங்கவிட்டு, கிராப் போட்டு, கணக்கையும் போட்டேன். ஒன்பது புள்ளி நாலு ரெண்டு. பெருக்கல்ல தப்போன்னு மறுபடி போட்டேன். ஒன்பது புள்ளி நாலு ரெண்டு. ஊசல் ஆடுத மேசைக்கு மேல ஃபேன் போடக் கூடாது, காத்துல ஆட்டம் மாறிரும், அதனால லேப்ல ஒரு ஃபேனும் ஓடல. வேர்வை மூக்கு நுனியில வந்து நின்னு, பேப்பர்ல சொட்டப் பாத்துச்சு, முந்தானையால துடைச்சேன். எங்க தப்பு. ஸ்கேல் வளைஞ்சிருக்கா, கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன், வளையல. கத்திமுனை ஆடுதா, ஆடல. நான் எண்ணினதுல விட்டுட்டேனா, ஒரு தடவை விடுவேன், எல்லாத் தடவையுமா விடுவேன். எல்லா நேரமுமே கூடிக் கூடி வந்திருக்கு, ஒண்ணுகூடக் குறைஞ்சு வரல, நேரம் கூடினா விடை குறையத்தான் செய்யும். அப்பம் கடிகாரம். கடிகாரம்னா, அதைத் தந்தது யாரு. ரெண்டு கையாலயும் ஏந்தித் தந்தது யாரு. லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டு வேற ஸ்டாப் கிளாக் இருக்கான்னு கேட்டேன். "உள்ளது அம்புட்டும் மேசைகள்லதான் டீச்சர் இருக்கு"ன்னு போயிட்டாரு. கைக்கடிகாரமாவது கட்டிட்டு வந்திருக்கலாம், போனுக்குப் பழகி அதை விட்டுத் தொலைச்சாச்சு, போன் இப்பம் வாசல்ல பையில கிடக்கு. சுத்திப் பாத்தேன். எல்லா மேசையிலயும் வாத்தியார்மார் குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்காவ, ஒருத்தர் முகத்துலயும் கலக்கம் இல்ல. என் ரூம்ல இருக்கிற தமிழரசி டீச்சர் பேப்பரை மூடி வச்சுட்டு விரல்ல நெட்டி முறிக்கா. நேத்து, "ஒண்ணுமே படிக்கல டீச்சர், எல்லாம் முருகன் விட்ட வழி"ன்னு சொன்னவ இவதான். முருகன் இவளுக்கு மட்டும் தனியா வழி விட்டுருக்கான். இவங்க எல்லாருக்கும் அவங்கவங்க விடை சரியா வந்துட்டா, இல்ல வரவச்சுட்டாவளா. ஸ்கூல்ல பிள்ளைகளை நிமிந்து உக்காருன்னு மிரட்டுத ஆளுகதான், இங்க ஒவ்வொருத்தரும் முழங்கையை வளைச்சுப் பேப்பரை மறைச்சுக்கிட்டு எழுதுதாவ. தவசிமுத்து சாரும் முழங்கையை வளைச்சுத்தான் வச்சிருந்தாரு. எனக்குத் தெரியாம என்ன எழுதியிருப்பாரு. எட்டிப் பாத்தேன், அவரு அந்த நேரம் பாத்துப் பேப்பரைக் கவுத்தி வச்சுட்டு நெத்தியைத் துடைச்சாரு. நான் பாக்கேன்னு தெரிஞ்சுதான் கவுத்துனாரு.

மேசை மேல குனிஞ்சு, உதட்டை அசைக்காமச் சொன்னாரு. "டீச்சர், உங்களுக்கும் ஒன்பது புள்ளி நாலுதானே வருது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் பேப்பரை இவரு எப்பம் பாத்தாரு. "கடிகாரம் வேகமா ஓடுதுன்னு நினைக்கேன் டீச்சர். நான் வந்ததை அப்படியே எழுதிட்டேன், காரணத்தையும் கீழ எழுதிட்டேன். நீங்களும் வந்ததையே எழுதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தா எக்ஸாமினர் கடிகாரத்தைத்தான் குறை சொல்லுவாரு, நம்மளைச் சொல்ல மாட்டாரு." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிட்டு யோசிச்சேன். எவ்வளவு பதவிசா வேலையைப் பாக்காரு. நான் ஒன்பது புள்ளி நாலுன்னு எழுதணும், அவரு ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதி வச்சிருப்பாரு, பேப்பர் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல எக்ஸாமினர் மேசைக்குப் போகும், அங்கன வச்சு நான் கடிகாரம் கடிகாரம்னு சொன்னா என் முகத்துல சிரிப்பாவ, அதே கடிகாரத்துல உங்க சாருக்கு எப்படிம்மா வந்துச்சும்பாவ. நான் பச்சைப் பிள்ளையா. முதல் கோடையில இவரு தந்த நோட்ஸ்ல ஒரு இடத்துல மைனஸ் இருக்க வேண்டிய இடத்துல பிளஸ் இருந்துச்சு, அதைப் பாத்து எழுதித்தான் எனக்கு ஒரு கணக்கே போச்சு. கேட்டா, "ஐயோ, எனக்கும் அது போச்சு டீச்சர்"னாரு. போச்சோ என்னமோ, அவரு பேப்பரை நானா திருத்தினேன். ரெண்டாவது கோடையில பஸ்ல எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடிச்சு வச்சாரு, வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாரு, எந்தப் பாடம் படிச்சாச்சு, எது படிக்கலன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாரு. சும்மா கேக்குத மாதிரிதான் கேட்டாரு. எங்க வீட்டுக்காரவுககிட்ட ஒருநாள் சொன்னேன், அவுக, "அந்த மனுசன் பாவம், உனக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு"ன்னாவ. உங்களுக்கு வெளுத்ததெல்லாம் பால்னேன். அவுகளும் ஏன் எப்பம் பாத்தாலும் இவருக்குப் பரிஞ்சு பேசுதாவன்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினது கிடையாது இந்த ஆளு, அதுதான் எனக்குப் பயம். திட்டுதவனோட மனசு வெளிய இருக்கு, பாத்துக்கிடலாம். இவரு மனசு எங்கன இருக்கு.

நான் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். இது எனக்குத் தெரிஞ்ச வேலை. எனக்கு மட்டுமில்ல, பிராக்டிகல் நடத்துத எல்லா வாத்தியாருக்கும் தெரிஞ்ச வேலை. மார்ச் மாசம் பிராக்டிகல் பரீட்சைக்கு வேற ஸ்கூல்ல இருந்து ஆள் வருவாவ, நம்ம பிள்ளைக அளவு எடுத்து முடியாது, நேரம் போயிரும், அப்பம் விடையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே நடந்து வரணும். கீழ இருந்து மேல. கடைசி வரியில ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதிட்டு, அது வரணும்னா நேரம் எவ்வளவு இருக்கணும், அதுக்கு இருபது ஆட்டம் எவ்வளவு, அப்படியே ஏணியில இறங்குத மாதிரி இறங்கி வரணும். ஆனா கூறுகெட்டவன்தான் நேரா ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதுவான். நம்ம தெக்குச் சீமைக்கு ஒன்பது புள்ளி ஏழு எட்டு. பூமி நடுவுல உப்பியிருக்கு, இங்கன இழுப்புக் கொஞ்சம் கம்மி. அதை எழுதினா எக்ஸாமினருக்கு ஒரு சந்தோசம் வரும். பொறவு, எல்லா அளவையும் ஒண்ணு போல எழுதக் கூடாது, ஒண்ணு கொஞ்சம் கூட, ஒண்ணு கொஞ்சம் குறைய. பிள்ளைகள் எல்லாம் பூஜ்யத்துலயும் அஞ்சுலயும் முடிப்பாவ, அங்கதான் மாட்டிக்கிடுவாவ, நான் ரெண்டு, ஆறு, நாலுன்னு கலைச்சு விட்டேன். ஒரே ஒரு அளவை மட்டும் முதல்ல தப்பா எழுதி, நறுக்குன்னு ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியா எழுதணும். அடிச்சுத் திருத்தினதைப் பாத்தா, நின்னு கடிகாரத்தைப் பாத்து எழுதின மாதிரியே இருக்கும். முப்பத்திரண்டு புள்ளி ஆறு போயி முப்பத்திரண்டு ஆச்சு. கிராப் கோடு முன்னதை விட நல்லா வளைஞ்சு வந்துச்சு. பழைய தாளை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். தவசிமுத்து சார் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு, நான் வெள்ளைத் தாள்ல எழுதுததைப் பாத்திருப்பாரு. ஒண்ணும் கேக்கல. ஏன் கேக்கல. கேட்டா மாட்டிக்கிடுவோம்னு பயம், வேற என்ன. அவரை முந்திட்டேன்னு எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு.

"ஊசல், ரெண்டு பேரும் வாங்க"ன்னு கூப்பிட்டாவ. வெளியூர்ல இருந்து வந்திருக்கிற எக்ஸாமினர், வயசானவரு, மேசையில இளநீர் வச்சு உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு. முதல்ல தவசிமுத்து சார் பேப்பரை எடுத்தாரு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கடைசி வரியைப் பாத்தேன். ஒன்பது புள்ளி நாலு ஒண்ணு. அப்படியே எழுதி வச்சிருக்காரு. கண்ணைத் தேய்ச்சுட்டு மறுபடி பாத்தேன், நாலு ஒண்ணுதான், கீழ அவரோட குண்டு குண்டு எழுத்துல, கடிகாரம் வேகமாக ஓடுவதாகச் சந்தேகம், எல்லா அளவும் ஒரே விகிதத்தில் கூடியிருக்கின்றன அப்படின்னு எழுதியிருக்கு. எனக்குக் காதுக்குள்ள ஙொய்ன்னுச்சு. எக்ஸாமினர் இளநீரைக் கீழ வச்சாரு. "என்னய்யா இது, நிலாவுக்குப் போயி ஆட்டினீரா? எத்தனை வருச சர்வீஸ் உமக்கு?" "பதினாறு வருசம் சார்." "பதினாறு வருசம் பிள்ளைகளுக்கு ஒன்பது புள்ளி நாலுன்னா சொல்லிக் குடுத்தீரு?" அவரு அதுக்கும் பதறல. "கடிகாரத்துல சந்தேகம் சார். டீச்சரும் அதே கடிகாரத்துலதான் எடுத்தாங்க, அவங்க பேப்பரையும் பாத்துட்டுச் சொல்லுங்க சார்." என்னைத் திரும்பிப் பாத்தாரு. சாட்சிக்குச் சொந்தக்காரவுகளைக் கூட்டிட்டு வந்தவன் பாக்குத மாதிரி, தைரியமாப் பாத்தாரு. நான் பேப்பரை நீட்டினேன், நீட்டாம என்ன செய்ய. எக்ஸாமினர் படிச்சாரு, புருவம் மேல போச்சு. "ஒன்பது புள்ளி ஏழு எட்டு. பாத்தீரா, நம்ம பக்கத்துக்கு இதான்யா வரணும். இந்தா, இங்க ஒரு அளவு தப்பா வந்து அடிச்சுட்டு மறுபடி எடுத்திருக்காங்க, இதுதான் பொறுப்பு. அதே ஊசல், அதே கடிகாரம். அப்பம் கோளாறு எதுல?" பொறவு என்னைப் பாத்து, "ஏம்மா, கடிகாரம் சரியாத்தானே ஓடுச்சு?"

சொல்லிரலாம். இடுப்புல அந்தத் தாள் குத்துது, எடுத்து மேசையில வச்சுட்டா முடிஞ்சுது, எனக்கும் அதான் சார் வந்துச்சு, பயந்துட்டு மாத்திட்டேன்னு சொல்ல நாக்கு மேல வந்துட்டு. வந்த நாக்கைப் பிடிச்சு நிறுத்துனது எது. எழுதினதை மாத்தினா கள்ளத்தனம், பேப்பரையே ரத்து பண்ணிருவாவ, மூணு கோடையும் போச்சு, போஸ்ட்டும் போச்சு, ஸ்கூல்ல எவ முகத்துல முழிக்க. அப்படிக்கூட இல்ல, அதுக்கும் முன்னால, ஒரு கண் சிமிட்டுத நேரம், இந்த ஆளு வேணும்னேதான் ஒன்பது புள்ளி நாலுன்னு எழுதியிருக்காரோ, நான் மாத்துவேன்னு தெரிஞ்சே என்னை மாட்டிவிட எழுதியிருக்காரோன்னு ஒரு நினைப்பு ஓடுச்சு. தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு அடுத்தவளை மாட்டிவிடுவானா ஒருத்தன். என் மனசு அப்படியும் ஓடுது. "ஓடுச்சு சார்"னேன். என் குரல்தான் அது, நல்லாக் கணீர்னு வந்துச்சு, ஆறாங்கிளாஸ்ல பாடம் எடுக்குத குரல். எக்ஸாமினர் என் பேப்பரை அவரு பக்கம் தள்ளி, "நீரே பாரும்"னாரு. தவசிமுத்து சார் குனிஞ்சு பாத்தாரு. ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பாத்தாரு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு, அடிச்ச அளவு, அடிச்சதுக்குப் பக்கத்துல எழுதினது. வெள்ளைத் தாள்ல நான் எழுதுததைப் பாத்த மனுசன். இப்பம் சொல்லப் போறாரு, இப்பம் சொல்லப் போறாருன்னு என் நெஞ்சு அடிச்சுது. அவரு நிமிந்து, "டீச்சருக்கு இப்படி வந்திருக்குன்னா கடிகாரம் சரிதான் சார். என் கைதான்"னாரு. அவ்வளவுதான். அளவைக் கண்ணால பாத்தாரு, தான் நினைச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. நாங்க பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் குடுக்கோம், கண்ணு முன்னால இருக்கிற அளவுதான் பெருசு, உன் நினைப்பு இல்லன்னு. "அடுத்த கோடையில வந்து மறுபடி செய்யும்"னு சொல்லி எக்ஸாமினர் சிவப்பு மையில ஒரு கோடு இழுத்தாரு. என் பேப்பர்ல எவ்வளவு போட்டாருன்னு நான் பாக்கல.

வெளிய வராந்தாவுல வெயில் கண்ணைக் குத்துச்சு. தமிழரசி எல்லாரையும் கூப்பிட்டு, மெஸ்ல பாயசமாம், வாங்கன்னு போறா. நான் பையை எடுத்துக்கிட்டு வேகமா நடந்தேன், பின்னால செருப்புச் சத்தம் கேட்டுச்சு, "டீச்சர், ஒரு நிமிசம்." நின்னேன். வந்துட்டாரு. ஆள் இல்லாத இடமாப் பாத்து வந்துட்டாரு, இப்பம் கேக்கப் போறாரு, ஏன் மாத்தினீங்கன்னு, ஏன் பொய் சொன்னீங்கன்னு. கேக்கட்டும், திட்டட்டும், அதுக்குப் பதில் எங்கிட்ட இருக்கு. நீங்க மட்டும் யோக்கியமா, அந்த மைனஸ், அந்த பஸ்ஸு, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுருவேன். அவரு கிட்ட வந்து நின்னாரு. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு, மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு, வெக்கப்பட்டுச் சிரிச்சாரு. "உங்களுக்கு முதல்ல ஒன்பது புள்ளி நாலு வந்துச்சுல்லா டீச்சர். பொறவு வெள்ளைத் தாள் வாங்கி மறுபடி அளவு எடுத்தீங்க, சரியா வந்துட்டு. நான் மறுபடி எடுத்துப் பாக்காமப் பிடிவாதமா கடிகாரத்தைக் குறை சொல்லிட்டேன். நான் எங்கன தப்பு பண்ணினேன்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன், அடுத்த வருசம் அதைச் செய்யாம இருப்பேன்லா." நான் அவரு முகத்தைப் பாத்தேன். குத்திக் காட்டுதாரா. உதட்டோரத்துல பாத்தேன், இல்ல. என் வாயைக் கிளறி ஒப்புக்கிட வைக்கப் பாக்காரா. பின்னால யாரும் ஒளிஞ்சு நிக்காவளான்னு பாத்தேன், தூணுக்குப் பின்னால ஒரு நாய்தான் படுத்துக் கிடந்துச்சு. போன்ல பதிவு பண்ணுதாரோ, அவரு பையையும் போனையும் வாசல்ல இருந்து இன்னும் எடுக்கவே இல்ல. இந்த மனுசனைச் சந்தேகப்பட எனக்கு ஒரே ஒரு காரணம் வேணும், ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் போதும், அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வீடு போய்ச் சேந்துருவேன். தேடித் தேடிப் பாக்கேன், ஒண்ணும் கிடைக்கல. அவரு நெசமாவே கேக்காரு. "ஆட்டிவிட்ட உடனே எண்ணக் கூடாது சார்"னேன். "அஞ்சாறு ஆட்டம் சும்மா விட்டுட்டு, அது நிதானத்துக்கு வந்த பொறவுதான் கடிகாரத்தை அழுத்தணும். நீங்க அவசரப்பட்டிருப்பீங்க." அவரு பாக்கெட்ல இருந்து பேனாவை எடுத்து, தாள் இல்லாததால, உள்ளங்கையில அதை எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு வேர்வையில அழிஞ்சிரக் கூடாதுன்னு ஊதினாரு. "இப்பம் புரியுது டீச்சர்"னாரு.